கோடரியோடு வந்த விருந்தாளி

எந்தப் புது வீட்டுக்குள் நுழைந்தாலும் கிரைனா முதலில் தேடுவது மச்சுக்குப் போகும் ஏணியை. வீட்டுக்காரர் முகமெல்லாம் அப்புறம்தான். சலவைக்கூடத்தில் அவளோடு இருபது வருடம் வேலை பார்த்த த்ரூஸுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்த மகராசி ஒரு சரக்குப் படகுக்காரனைக் கட்டிக்கொண்டு, தோர்த்ரெக்ட் நகரில் ஆற்றின் மேல் மிதக்கும் வீட்டில் போய்க் குடியேறினாள். வருடா வருடம் "ஒரு தடவை வாயேன்டி" என்பாள். கிரைனாவுக்கு வருடா வருடம் சரியாக அப்போதுதான் முதுகு வலிக்கும்.

இந்த நவம்பரில் முதுகுவலி செல்லுபடியாகவில்லை. புருஷன் படகோடு ஜெர்மனிப் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து த்ரூஸ் வழுக்கி விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். "கரண்டி பிடிக்கக்கூட கை இல்லடி. ஒரு வாரம் வந்து இரு" என்று போனில் அழுதாள். அழுகிறவளிடம் எப்படி மறுப்பது? கிரைனா பெட்டியை எடுத்தாள். துணிகளுக்கு அடியில், துண்டில் சுற்றி ஒரு சின்னக் கோடரியையும் வைத்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. ஐம்பத்து மூன்றாம் வருடம் பிப்ரவரியில் கடல் கரையை உடைத்துக்கொண்டு தாழ்வான ஸேலாந்து ஊர்களுக்குள் புகுந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. குடும்பமே மச்சில் ஏறி நின்றது. தண்ணீரும் பின்னாலேயே ஏறி வந்தது. கூரையை உடைக்க அப்பாவிடம் ஒன்றுமில்லை. நாற்காலிக் காலால் இடித்துக்கொண்டே இருந்தார். ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தபோது அம்மாவும் கைக்குழந்தைத் தம்பி மரினஸும் பக்கத்தில் இல்லை. அதற்கப்புறம் அவள் குடியேறியது நாட்டிலேயே மேடான பகுதியில் இருக்கும் ஹேர்லனில். கோடரி இல்லாமல் அடுத்தவர் வீட்டில் தலை சாய்த்ததில்லை.

கரையிலிருந்து மிதக்கும் வீட்டுக்கு ஒரு பலகைதான் பாதை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைக் கடந்தாள். உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தாள்.

"என்னத்தடி தேடுற?"

"மச்சு எங்க இருக்கு?"

"மச்சா? தலைக்கு மேல தகரம், காலுக்குக் கீழ ஆறு. அவ்வளவுதான் என் அரண்மனை. உக்காரு."

காப்பி வந்தது. த்ரூஸ் இடது கையால் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்து வைத்தாள். உடனே மூடினாள். கை உடைந்தாலும் ஆளுக்கு ஒன்றோடு டப்பாவை மூடிவிடும் அந்த ஊர் வழக்கம் மட்டும் உடையவில்லை.

வெளியே காற்று உறும ஆரம்பித்தது. கிரைனா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குது?"

"வடமேற்கு. அதுக்கென்ன இப்ப?"

கடல் புகுந்த அன்றும் வடமேற்குதான். கிரைனாவின் பிஸ்கட் தட்டிலேயே கிடந்தது.

"தண்ணி ஏறுமே, த்ரூஸ்."

"ஏறட்டும். கூடவே வீடும் ஏறும். தினம் நடக்கறதுதான். நீ வேற, பேயறஞ்ச மாதிரி முழிக்காத."

வீடு ஏறுமாம். வீடு என்றால் மூழ்கும். கிரைனா பார்த்தது அதைத்தான். எழுந்து பட்டாணி சூப்பைச் சூடாக்கினாள். கிண்ணத்தை மேசையில் வைத்ததும் அது தானாக ஓரத்துக்கு நகர்ந்தது. வீட்டின் பின்பக்க மூலை தாழ்ந்திருந்தது. பின்கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஒரு நாக்கு நீளத்துக்கு உள்ளே வந்தது.

அவள் யோசிக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதிப் பலகை வரை ஓடிவிட்டாள். தோழி, உடைந்த கை, தங்க வந்த ஒரு வாரம், எதுவுமே நினைவில் இல்லை. எட்டி வைத்தால் கரை.

பின்னால் த்ரூஸின் குரல் கேட்டது. "கயிறு மாட்டிக்கிச்சு, கிரைனா. அறுக்க முடியல."

திரும்பிப் பார்த்தாள். ஆற்றில் நட்ட முளையில், தண்ணீரோடு வழுக்கி மேலே வரவேண்டிய கயிற்று வளையம் அடியில் எங்கோ சிக்கியிருந்தது. கயிறு விறைத்து அந்த மூலையைக் கீழே பிடித்திருந்தது. வீடு ஏறப் பார்க்கிறது, கயிறு விடவில்லை. பின்பக்கத் தளத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, த்ரூஸ் ரொட்டிக் கத்தியால் இடது கையால் கயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கிரைனாவுக்குக் கரைமேல் அப்படி ஒரு ஆசை வந்தது. ஆனால் உதவாத ஒன்றை வைத்துக்கொண்டு அப்பா இடித்ததை அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். பலகையிலேயே பெட்டியைத் திறந்தாள். துண்டைப் பிரித்து, கோடரியோடு திரும்பி ஓடினாள்.

"தள்ளுடி."

"இதை எதுக்குடி கொண்டு வந்த?"

"தள்ளுன்னேன்ல. மத்த கயிறெல்லாம் தாங்குமா?"

"தாங்கும், தாங்கும். வெட்டு."

பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். நான்காவது வெட்டில் கயிறு தெறித்தது. மூலை குலுங்கி எழுந்தது. அடுப்பும் கட்டிலும் மேசையுமாக அந்த வீடு தண்ணீரோடு சேர்ந்து மெல்ல உயர்ந்து சமமாக நின்றது. தளத்தில் நின்ற தண்ணீர் ஆற்றுக்கே வழிந்து போனது.

"சொன்னேன்ல, ஏறும்னு" என்றாள் த்ரூஸ் மூச்சிரைக்க.

கிரைனா கோடரியைக் கீழே வைக்கவில்லை.

"எங்க வீடு ஏறல, த்ரூஸ்."

த்ரூஸ் அவளை உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்தாள். காப்பியைச் சூடு பண்ணினாள். பிஸ்கட் டப்பாவைத் திறந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். மூடவில்லை.