ஆறிப்போன நண்டுக் குழம்பு

போன ஞாயிறு பழவேற்காட்டில் ஓர் அதிசயம். காலை பத்து மணிக்கு என்று சொன்ன நிகழ்ச்சிக்குப் பத்து அடிப்பதற்கு முன்பே எல்லோரும் வந்து நின்றோம்.

தமிழ்நாட்டில்... அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்... நம்ப முடிகிறதா? படகு கொண்டுவர வேண்டிய ஏழுமலை மட்டும் வரவில்லை. அவர் உங்களைப் போலச் சாதாரண மனிதர். பத்து என்றால் பதினொன்று என்று சரியாகப் புரிந்துகொள்பவர்.

நாங்கள் ராணுவத்து வீட்டுப் பிள்ளைகள். வடக்கே ஒரு கன்டோன்மென்ட் ஸ்கூலில் ஒன்றாகப் படித்தோம். அப்பாக்கள் எல்லோரும் ஒரே யூனிட். இப்போது எங்களுக்கே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் லேட்டாகப் போனால் அப்பா பெல்ட்டைக் கழற்றுவார் என்ற பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

உங்கள் ரீயூனியனில் என்ன கேட்பீர்கள்? ‘நீ கடைசி பெஞ்ச்தானே?’ என்பீர்கள். நாங்கள் ‘உங்கப்பா ஹவில்தார்தானே?’ என்போம். என் போனில் மாதவனின் பெயர் ‘கர்னல் பையன்’ என்றுதான் இருக்கிறது. அவன் போனில் நான் ‘சுபேதார் பொண்ணு’. அப்பாக்கள் ரிட்டையராகி எத்தனையோ காலமாயிற்று. பிள்ளைகளுக்குத்தான் இன்னும் ஆர்டர் வரவில்லை!

சரி, ஏன் பழவேற்காடு? கஸ்தூரி அங்கேதான் இருக்கிறாள்.

கஸ்தூரியின் அப்பா லான்ஸ் நாயக், சிப்பாய்க்கு ஒரு படிதான் மேல். மாதவனின் அப்பாவுக்கு ஜீப் ஓட்டியவர். பட்டாளத்திலிருந்து வந்ததும் குடும்பத்தோடு சொந்த ஊரான பசியாவரத்துக்கே திரும்பிவிட்டார். ஏரிக்குள் இருக்கும் தீவு அது. கஸ்தூரி அங்கேயே ஏழுமலையைக் கட்டிக்கொண்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஏரியில் இறால், நண்டு பிடிக்கிறார்கள்.

எந்த ரிசார்ட்டில் கூடுவது என்று வாட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் அடித்துக்கொண்டிருந்தபோது, அவளிடமிருந்து ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “எங்க வூட்டுக்கு வாங்களேன். நண்டு கொழம்பு வெக்கிறேன்.”

முதலில் மாதவன் ஒரு கட்டைவிரல் போட்டான். அவ்வளவுதான், மடமடவென்று எல்லோருடைய கட்டைவிரலும் வந்தது. ஏறக்குறைய ரேங்க் வரிசையில்!

அன்று சாயங்காலமே கஸ்தூரி எனக்குப் போன் செய்தாள்.

“ஏய், மெய்யாலுமே வருவாங்களாடி? மாதவன் வருவாரா?”

“கிளாஸ்மேட்டுக்கு என்னடி ‘வருவாரு’ மரியாதை?”

“இன்னா பண்றது, வாய்ல அப்டிதான் வருது. எங்க நைனா அவங்க ஜீப்பு ஓட்டுனவரு. மாதவன் பர்த்டேக்கு என்னையும்தான் கூப்ட்டாங்க. ஆனா டிரைவர் பசங்களுக்கு பின்னாடி வராண்டாவுல தட்டு வந்துச்சு. ஒரே கிளாஸ்ல அத்தினி வருசம் படிச்சோம், ஒரு வேள ஒண்ணா குந்தி சாப்ட்டதில்ல. இங்க வேற, நா இந்தி பேசுவேன், ஆபீசர் பசங்களோட படிச்சேன்னு சொன்னா ஒருத்தரும் நம்பறதில்ல. வந்துட்டு சாப்புடாம மட்டும் போய்டாதீங்கடி.”

நான் சுபேதார் மகள்; சுபேதார் என்றால் ஆபீசருக்குக் கீழே, சிப்பாய்க்கு மேலே. வராண்டாவும் இல்லை, ஹாலும் இல்லை — இரண்டுக்கும் நடுவே நிலைப்படியில் நின்று கேக் தின்றவள்.

ஏழுமலை வரும்வரை டச்சுக் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றினோம். வாசலில் இரண்டு கல் எலும்புக்கூடுகள் சென்ட்ரி மாதிரி நிற்கின்றன. உள்ளே பெரிய பெரிய கல்பலகைகள். எழுத்து புரியவில்லை. கைடாக வந்தவர், “பேரு, அப்பறம் அவரு இன்னா பதவில இருந்தாருன்னு போட்டுருக்குது” என்று விளக்கினார். செத்து நூற்றாண்டுகள் ஆன பிறகும் ரேங்க்கை விடவில்லை, மனுஷர்கள். எங்களைச் சொல்லி என்ன குற்றம்?

படகு வந்தது, பசியாவரம் போய்ச் சேர்ந்தோம். கஸ்தூரி வீட்டுக்குள் பாய் விரித்து, வாழை இலை போட்டிருந்தாள். வாசலில் அக்கம்பக்கத்துக் கூட்டம். இலையில் சோறு விழுந்தது, நண்டுக் குழம்பு விழுந்தது. அந்த வாசனைக்கே சொத்தை எழுதி வைக்கலாம்.

ஆனால் ஒருவரும் சாப்பிடவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். மெஸ்ஸில் சி.ஓ., அதாவது யூனிட்டுக்கே தலைவரான கர்னல், ஸ்பூனை எடுக்காமல் வேறு யாரும் தட்டில் கை வைக்க மாட்டார்கள். அது எங்கள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். எல்லோரும் கர்னல் பையனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கர்னல் பையனோ, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

கரண்டியோடு நின்ற கஸ்தூரியின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. வாசலில் ஏதோ கிசுகிசுப்பு. எனக்கு மாதவன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி, ஒரு வாய் எடுத்து வைத்தால் என்ன?

ஏழுமலைதான் கேட்டார். “இன்னா சார், காரமா இருக்குமோனு யோசிக்கிறீங்களா?”

“இல்லைங்க. வீட்டுக்காரங்க உட்காரணும்ல? கஸ்தூரி இன்னும் உட்காரலையே” என்றான் மாதவன்.

“அய்ய, நா அப்பறமா சாப்ட்டுக்கறேன், நீங்க சாப்புடுங்க” என்றாள் அவள்.

“அப்ப நாங்களும் அப்புறமாவே சாப்பிட்டுக்கறோம்.”

இப்போது எல்லோர் கண்ணும் கஸ்தூரி மேல். அவள் ஏழுமலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் நகர்ந்து இடம் விட்டேன். ஏழுமலை அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, அவளுக்கும் ஓர் இலை போட்டார். கஸ்தூரி மாதவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒரு நண்டுக்காலை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள்.

‘கடக்.’

அதுதான் ஆர்டர்! அத்தனை பேரும் இலையில் பாய்ந்தோம். ஆறிப்போன குழம்பு அவ்வளவு ருசியாக இருக்கும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. காரத்தால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மாதவன்தான் பாவம். ராஜகம்பீரமாக ஒரு முழு நண்டை எடுத்துவிட்டு, அதை எந்தப் பக்கம் திறப்பது என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். நண்டின் ஓட்டை விரலால் நோண்டினான். குழம்பு சட்டையில் தெறித்தது.

கஸ்தூரி பார்த்தாள். பொறுக்கவில்லை அவளுக்கு.

“டேய், அப்டி இல்லடா... குடு இப்டி!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாதவன் சிரித்துக்கொண்டே நண்டை அவளிடம் நீட்டினான்.

எங்கள் யூனிட் கலைந்து எத்தனையோ காலம் கழித்து ஒரு பிரமோஷன் நடந்திருக்கிறது என்றால், அது அன்றைக்கு ‘வருவாரு’விலிருந்து ‘டேய்’ ஆன மாதவனுக்குத்தான்!