நுரைக்காத சோப்பும் நளினியின் தோலும்

என் மகள் நளினியின் தோல் எதனால் ஆறியது? யார் கேட்டாலும் இன்றுவரை என்னால் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை. நாங்கள் குடியிருக்கும் பிராங்பேர்ட் கட்டடத்தில் எல்லா வீட்டுக் குழாய்களும் சேர்ந்து இரைவது சனிக்கிழமை மாலையில்தான். அதுதான் குளியல் நாள். எங்கள் வீட்டுக் குழாய் மட்டும் தினமும் விடிந்ததும் சத்தம் போடும். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று மாடிப்படியில் விசாரிப்பார்கள். மதுரையில், குழந்தைக்கு ஒருநாள் தண்ணீர் ஊற்றாவிட்டால்தான் அப்படி விசாரிப்பார்கள்.

போன குளிர்காலத்தில் கைக்குழந்தையாக இருந்த நளினியை நாள் தவறாமல் வெந்நீரில் குளிப்பாட்டினேன். ஊரிலிருந்து கொண்டுவந்த பயத்தமாவு தீர்ந்ததும் கடையில் வாங்கிய வாசனை சோப்பைப் போட்டேன். கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, வறண்டு, வெடித்தன. குழந்தை மருத்துவர் அவளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எப்போதெல்லாம் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார். இந்தியப் பெண், குழந்தையை அழுக்காக வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. "தினமும், டாக்டர். சில நாள் ரெண்டு வேளை" என்று நிமிர்ந்து உட்கார்ந்து பெருமையாகச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யேடன் டாக்? தினமுமா? நிலக்கரிச் சுரங்கத்திலா வேலை பார்க்கிறாள்?"

வாரம் ஒரு குளியல் போதும் என்றார். வெடிப்பில் சீழ் வைத்தால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். அங்கே பெற்றோர் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளை விடுவதில்லை என்று டிராமில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்பதுதான் தெரியவில்லை.

கீழ்வீட்டில் எமினே இருக்கிறாள். துருக்கியிலிருந்து கணவனோடு தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். எங்கள் இருவருடைய ஜெர்மனையும் சேர்த்தாலும் ஒரு ஆளுக்குப் போதாது. படிக்கட்டில் நளினியின் கன்னத்தைப் பார்த்தவள், உள்ளே போய்ப் பச்சையும் பழுப்புமான ஒரு சோப்புக் கட்டியோடு வந்தாள். ஆலிவ் எண்ணெய் சோப்பு. ஆலிவ் எண்ணெய் என்றால் நமக்கு மருந்துக்கடையில் குழந்தைக்கென்று வாங்கும் சின்னப் புட்டிதான். அவர்கள் ஊரில் அதில்தான் சமையலே. சாப்பாட்டுக்கு உதவாத எண்ணெயைச் சோடாக் காரம் சேர்த்துக் காய்ச்சி, தரையில் ஊற்றி, வெட்டி, மாதக்கணக்கில் காயவைப்பார்களாம். புதுக்கட்டி எரியும், காய்ந்து பழசானதுதான் குழந்தைக்கு என்று முகத்தைச் சுளித்தும் சிரித்தும் விளக்கினாள். பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். துருக்கி எல்லைக்கு அப்பாலுள்ள அலெப்போ பக்கத்தில் பல நூறு ஆண்டுகளாக இப்படித்தான் காய்ச்சுகிறார்கள். பிரான்சில் ஒரு மன்னர், மார்சேய் நகரத்துச் சோப்பில் ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பைச் சேர்க்கக் கூடாதென்று சட்டமே போட்டிருந்தாராம்.

சட்டம் இருந்தென்ன, நுரை வரவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு வேறு அதிகம். நுரைக்காத சோப்பு எப்படி அழுக்கைப் போக்கும் என்று நான் தேய்த்துக்கொண்டே இருக்க, குழந்தை வீறிட்டது. சத்தம் கேட்டு எமினே மேலே ஓடிவந்தாள்.

"ஏய், ஏய்! கம்பளமா துவைக்கிற?"

"நுரையே வரலையே!"

"நுரையைத் திங்கவா போற?"

கட்டியைப் பிடுங்கி, தன் ஈரக்கையில் ஒரே ஒரு தடவை தடவி, கழுத்து மடிப்பையும் அடிப்புறத்தையும் மட்டும் தொட்டுக் கழுவினாள். ஈரம் காய்வதற்குள் உடம்பில் ஆலிவ் எண்ணெய் தடவச் சொன்னாள்.

என் கணவருக்கு வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை. சோப்பில் ஒரு துண்டு வெட்டி அங்கே எடுத்துப் போனார். "டெஸ்ட் பண்ணிட்டேன். இதுவும் மத்த சோப்பு மாதிரி ஆல்கலிதான். ஆனா கிளிசரினைப் பிரிச்சு எடுக்கல. அதனால அவ்வளவா வறட்டாது. மந்திரம்னு நினைச்சுக்காதே."

"மந்திரம் யாருக்குங்க வேணும்? வெடிக்காம இருந்தா போதும்."

வாரம் ஒன்றோடு நிறுத்த மனம் ஒப்பாமல், புதனும் சனியும் மட்டும், வெதுவெதுப்பான நீரில், எமினே காட்டியபடி குளியல். மற்ற நாள்களில் ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. சோம்பேறித் தாயாகிவிட்டேனோ என்று ஒவ்வொரு காலையும் மனம் குத்தியது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. வெடிப்புகள் மூடின, சிவப்பு அடங்கியது. "நான்தான் சொன்னேனே!" என்றார் மருத்துவர். "என் சோப்பு!" என்று எமினே கன்னத்தைக் கிள்ளினாள். கணவரோ ஜன்னலைக் காட்டி, "வெயில் வந்துடுச்சுல்ல, அதான்" என்றார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்றியதால் எது காரணமென்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கவும் எனக்குத் துணிவில்லை.

இப்போதும் விடிந்ததும் நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். நளினி தன் நாள் வரவில்லை என்பதுபோலக் குளியலறை வாசலில் உலர்ந்த கம்பளியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் என் உடம்பு மதுரைக் கணக்கிலும் அவள் உடம்பு இந்த ஊர்க் கணக்கிலும் நாளைக் கழிக்கின்றன.

மே மாதம் அவளை முதன்முறையாக மதுரைக்கு அழைத்துப் போகிறோம். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துத் தயாராக இருப்பதாக நாத்தனார் எழுதியிருக்கிறார். அந்த வியர்வையில் வாரம் இரண்டு குளியல் போதுமென்று எனக்கே தோன்றவில்லை. தினமும் ஊற்றினால் மறுபடி வெடிக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. வறண்ட தோலுள்ள குழந்தையை நம் வெயிலில் வளர்த்த வாசகர்கள் யாராவது இருந்தால், நாங்கள் புறப்படுவதற்குள் எனக்கு எழுதுங்கள். முதல் நாள் காலையில், மாவைக் குழைத்து வைத்துக்கொண்டு நாத்தனார் ஆசையோடு கையை நீட்டும்போது, நான் குழந்தையைக் கொடுக்கட்டுமா, கொடுக்காமல் இருக்கட்டுமா?