ஏ பிளஸ் எழுதிய ரவுடி பாட்டு

இன்று நாமக்கல் போகும் பஸ்ஸில்.

ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்தில் ஒரு ரிசப்ஷன். நான்தான் கீபோர்டு. மாப்பிள்ளை மேடையேறும்போது தாதா பாட்டுதான் வாசிக்கணுமாம். அதற்குக் கார்டு (chord) குறித்துக்கொண்டிருந்தேன். தாளின் தலைப்பில் ‘ரவுடி பாட்டு’. கீழே A, A+, C.

பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்க போலீஸுங்களா?”

“இல்லீங்களே!”

“அப்புறம் ரவுடிக்கு ஏ பிளஸ்னு போட்டிருக்கீங்க?”

அப்போதுதான் உறைத்தது. ஸ்டேஷனில் ரவுடிகளைத் தரம் பிரிப்பதும் இதே எழுத்துகளில்தான்.

“கீபோர்டுல எந்தெந்தக் கட்டையச் சேர்த்து அமுக்கணும்ங்கிற குறிப்புங்க இது” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தாளில் A+ மேல் விரலை வைத்துக் கேட்டார்:

“ஏ பிளஸ்ல இருந்து வெறும் ஏ-வுக்கு எறங்க முடியுங்களா?”

“சுலபமுங்க. ஒரே ஒரு விரலக் கொஞ்சம் எறக்குனா போதும்.”

“அதத்தானுங்க எம் மச்சினங்கிட்டத் தலபாடா அடிச்சுக்கறேன்.”

நாமக்கல்லில் இறங்கியதும் சேந்தமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சேந்தமங்கலத்து நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு அக்கா வீட்டுக்காரர் யாராவது இருக்கிறாரா?

சும்மாதான் கேட்கிறேன்.