மாமா அடித்த கூடாரம்

குவைத்தில் குளிர்காலம் வந்தால் அரபிகள் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். அங்கே கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, விடுமுறைக்கு வரும்போது அப்படியொரு கூடாரத்தைக் கொண்டுவந்தார். மணலில் துண்டை விரித்துத் தூங்குகிற கடற்கரைக்காரர்களுக்கு இது எதற்கு என்று வேறு வருடமாக இருந்தால் வீடே சிரித்திருக்கும். அந்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போன அப்பா, பெரிய காற்றடித்த மழைக்காலத்தில் திரும்பி வரவில்லை. படகும் இல்லை, கூடப் போனவர்களும் இல்லை. எங்கள் பக்கத்தில் உடல் கிடைக்காதவர்களுக்கு அவர்கள் உடுத்திய துணியைப் பெட்டியில் வைத்து, கோயிலில் பூசை முடித்து, கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். மற்ற வீடுகளில் அதெல்லாம் முடிந்துவிட்டது. அம்மா மட்டும் மாதக்கணக்கில் பிடி கொடுக்கவில்லை. பெரியப்பாவும் மாமாவும் பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார்கள். கடலுக்குப் போன அன்று அப்பா கழற்றிப் போட்ட சட்டையை அம்மா துவைக்காமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். அதைத்தான் பெட்டியில் வைக்க வேண்டும், வேறு துணி கூடாது என்றாள். பிள்ளை எதையும் பார்க்கக் கூடாது என்றும் சொன்னாள்.

பிள்ளை என்பது நான்தான். எட்டு வயது. இதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எனக்குச் சொன்னது, மாமா மலையடிவாரத்து அணைக்குக் கூட்டிப் போகிறார், ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கலாம் என்பது மட்டும். மறுநாள் காலையில் அடக்கம் என்று தெரியாமல் நான் வீடு முழுக்கக் குதித்துத் திரிந்தேன்.

கூடாரத்தைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். கருங்கல் சந்தை நெரிசலில் சிக்கி, திற்பரப்பு வந்ததும் அருவியில் குளிக்க வேண்டும் என்றேன். "நாளைக்குப் பாப்போம் மக்கா" என்றார் மாமா. அதற்கப்பால் வழியெல்லாம் ரப்பர் மரங்கள். மாமாவின் கூட்டாளி ஒருவரின் தோட்டம் அணைக்கரை வரை இறங்கிக் கிடந்தது.

மாமா தண்ணீருக்குப் பக்கத்திலேயே முளை அடிக்கத் தொடங்கியதும் நான் அலறினேன். "மேல போவோம் மாமா. ஏற்றம் வந்தா வெள்ளம் கூடாரத்துக்குள்ள கேறிரும்."

"இது கடல் இல்லட்டி. இதுக்கு ஏற்றமும் கிடையாது, வற்றமும் கிடையாது."

அலையில்லாத, சத்தமில்லாத அத்தனை தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்போ இதுல எதாவது போயிட்டா கரைக்குக் கொண்டு போடாதா?"

"கொண்டு போடாது. போன இடத்துலயே கெடக்கும்."

"அது நல்லதுல்லா. தேடுனா கிடைச்சிரும்."

மாமா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். முளை அடித்த களைப்பு என்று நினைத்தேன்.

சாயங்காலம் வரை நல்ல சந்தோஷம். தூண்டில் போட்டு இரண்டு சிலேபி மீன் பிடித்தோம். மூன்று கல் கூட்டி மாமா மரச்சீனிக் கிழங்கு அவித்தார், பாலில்லாமல் கட்டன் சாயா போட்டார். மீனில் சேற்று வாடை அடிக்கிறது என்று பெரிய மனுஷிபோல முகம் சுளித்துவிட்டு, என் பங்கை முள்ளை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றேன்.

இருட்டுவதற்குள் கூடாரத்துக்குள் புகுந்து என் பையிலிருந்து அப்பாவின் சட்டையை எடுத்து விரித்தேன். புது இடம், பயமாக இருந்தால் முகத்தை மூடிக்கொள்ளலாம் என்று, அம்மா குளிக்கப் போன நேரத்தில் மாதா படத்துக்குப் பின்னாலிருந்த சாவியால் அலமாரியைத் திறந்து எடுத்து, திரும்பப் பூட்டியும் வைத்திருந்தேன். அதில் வியர்வையும் பீடியும் டீசலும் கலந்த அப்பா வாசனை இருந்தது. எட்டிப் பார்த்த மாமா அப்படியே நின்றுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. பெரியப்பா. சட்டையைக் காணவில்லை, அலமாரி முழுக்கத் தேடியாயிற்று என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. நான் சட்டையை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மாமா என்னையே பார்த்தார்.

"இங்க எப்படி அண்ணே வரும்? வேற சட்ட எதாவது இருந்தா வச்சு முடிங்க. அக்காகிட்ட நான் வந்து பேசிக்கிடுதேன்."

போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டார். என்னை அடியிலிருந்து காப்பாற்றிவிட்டார் என்று எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம் வந்தது.

மறுநாள் மாமா அவசரமே படவில்லை. அணையில் குளிக்கவிட்டார், திற்பரப்பு அருவிக்கும் கூட்டிப் போனார், உளுந்த வடை வாங்கித் தந்தார். ஊர் சேர மூன்று மணியாகிவிட்டது. வீட்டு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். சுவரோரம் புதுப்பெட்டி ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. பெரியப்பா யார் முகத்தையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா ஓடிவந்து என்னைத் தூக்கினாள். தலை வாரி, பூ வைத்து, பண்டிகைக்கு உடுத்துகிற சேலை உடுத்தியிருந்தாள்.

"உங்க அப்பா வந்துட்டுப் போயிருக்காரு மக்கா. அலமாரி பூட்டுனபடி இருக்கு, சட்டைய மட்டும் எடுத்திருக்காரு. சாவி மாதா படத்துக்குப் பின்னால இருக்கது அவருக்கும் எனக்கும் இல்லாம வேற யாருக்குத் தெரியும்?" மாமாவைப் பார்த்துச் சிரித்தாள். "ஏலே, நான் சொன்னேனா இல்லியா? அடக்கம் வைக்க நின்னிய."

சட்டை இருந்த என் பையைத் தோளிலிருந்து இறக்காமலே மாமா திரும்பிப் பைக்கை நோக்கி நடந்தார்.

சட்டையை எடுத்தது நான்தான் என்பது என் நினைவிலேயே இல்லை, அப்பா வந்தார் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அப்பா வந்த நேரம் பார்த்து என்னை அணைக்குக் கூட்டிப் போய்விட்டாரே என்று, அவர் குவைத்துக்குத் திரும்பிப் போகும்வரை நான் மாமாவிடம் பேசவே இல்லை.