பத்திரிகையில் பெயருக்குப் பின்னால்

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அப்பாவின் வாட்ஸ்அப்புக்கு வந்தபோது நான் ஜிம்மைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்திருந்தேன். திருக்கோகர்ணத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே, பெண்களுக்கு மட்டும் நான் நடத்துகிற ஜிம் அது. அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். எதைப் படித்தாலும் திருத்துவதற்காகவே படிப்பார்.

"ஏத்தா, ஒனக்கு எப்ப பிசியோ பட்டம் குடுத்தாங்க?" என்றார்.

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என் பெயருக்குப் பின்னால் பி.காம்., பிசியோதெரபிஸ்ட். எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது.

நான் எழுதிக் கொடுத்தது பி.காம்., சி.பி.டி. அதாவது சான்று பெற்ற உடற்பயிற்சியாளர். எலும்பு, தசை, மூச்சு, முதலுதவி என்று தடித்த புத்தகத்தைப் படித்து, பரீட்சை எழுதி வாங்கியது. பி.காமுக்குக்கூட நான் அவ்வளவு படிக்கவில்லை.

எங்கள் ஆவூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் தேதியைப் பார்க்க மாட்டார்கள். பட்டத்தைத்தான் பார்ப்பார்கள். யார் அதிகம் படித்தவர், மாப்பிள்ளையா பெண்ணா என்று அங்கேயே ஒரு பஞ்சாயத்து நடக்கும். அது எனக்கும் தெரியும். அதற்காக இல்லாததைப் போடுவார்களா?

பார்த்துச் சொல்லும்படி மாதிரியை அனுப்பியது மாப்பிள்ளையின் அம்மா. கறம்பக்குடியில் இருக்கிறார். உடனே போன் போட்டேன்.

"அத்தை, நான் பிசியோ இல்ல."

"தெரியும்மா. நீ குடுத்த மூணு எழுத்து யாருக்கும் புரியல. எங்க கொழுந்தனாரு கூரியர் கம்பெனியான்னு கேக்குறாரு. பிசியோன்னா எல்லாருக்கும் தெரியும். ரெண்டும் ஒடம்பு சமாச்சாரந்தானே?"

"டாக்டரும் வாட்ச்மேனும் ஒரே ஆஸ்பத்திரிலதான் இருக்காங்க அத்தை. ரெண்டும் ஒண்ணா?"

"கல்யாணத்துக்கு வாரவங்க ஒங்கிட்ட வைத்தியம் பாக்கவா வாராங்க? சாப்புட்டு, மொய் எழுதிட்டுப் போகப் போறாங்க."

அங்கேதான் அத்தைக்கு விஷயம் தெரியவில்லை. அவர்கள் வைத்தியத்துக்குத்தான் வருவார்கள். எழுத்து எதுவும் போடாமல் இருக்கும்போதே வருகிறார்கள். குடுமியான்மலையிலிருந்து ஒரு டீச்சர் ஸ்கேன் படத்தோடு ஜிம்முக்கு வந்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நீங்களே பாத்து ஒரு எக்சர்சைஸ் சொல்லுங்க" என்றார். எனக்கு அந்தப் படம் தலைகீழாக இருக்கிறதா நேராக இருக்கிறதா என்றே தெரியாது. எலும்பு டாக்டரிடம் போகச் சொல்லித் திட்டி அனுப்பினேன். டாக்டர் அவரைக் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டார். நான் பிசியோ என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு அவரைக் குனிய வைத்திருந்தால்?

அன்றைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை கூப்பிட்டார். அப்போது ஒரு விதை கம்பெனியில் வேலை பார்த்தார், இப்போதும் அங்கேதான். நிச்சயம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல வார்த்தை நாலு பேசலாம் என்று கூப்பிட்டிருப்பார். நான் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டேன்.

"இந்தா பாருங்க, வாங்காத பட்டத்தப் போட்டா அந்தப் பத்திரிகைய நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். கல்யாணத்தன்னைக்கும் வர மாட்டேன். ஒங்கம்மா கிட்டச் சொல்லிருங்க."

அம்மாவுக்குப் பரிந்து பேசுவார் என்று நினைத்தேன்.

"அப்ப என்னோடதையும் எடுக்கணும்," என்றார்.

"எத?"

"எம்.பி.ஏ. ரெண்டு பேப்பர் பாஸாகாம இன்னும் நிக்கிது. வீட்ல யாருக்கும் தெரியாது."

பெண் பார்க்க வந்தபோது அந்த எம்.பி.ஏ.வைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். அப்பா அதைத் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியாகிவிட்டது. "ஒங்க அம்மாட்ட நீங்களே சொல்லுங்க. எங்க அப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டார்.

"ஏமாத்திட்டாங்கன்னு சொல்றியா?"

"அவங்களுக்கே தெரியாதுப்பா. இவரு சொல்லாம இருந்துருக்காரு."

"இப்ப எதுக்குச் சொன்னாரு? யாராச்சும் கண்டுபுடிச்சாங்களா?"

"இல்ல. நான் கத்துனேன். அவரா சொன்னாரு."

அப்பா வாசலில் போய் நின்றார். பட்டத்துக்காகச் சண்டை போடப் போய்ப் பிடித்துப்போன ஆளையே இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. ஆமாம், அவரை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அவர் அப்படிச் சொன்ன பிறகு இன்னும் கூடுதலாக.

அப்பா திரும்பி வந்து, "கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது பட்டமா வாசிக்கப் போறாரு சாமியாரு? இன்னார் மகன், இன்னார் மகள், இன்ன பங்குக் கோயில். அவ்வளவுதானே. ஒனக்குச் சம்மதமான்னு மட்டும் சொல்லு" என்றார்.

"சம்மதம்."

"அப்ப மறுபடி சோத்தப் போடு. பசிக்கிது."

மறுநாள் காலையிலேயே கறம்பக்குடியிலிருந்து போன்.

"ஏன்டி, வீட்டுக்குள்ள வாரதுக்கு முன்னாடியே எம்புள்ள பட்டத்தப் புடுங்கிட்டியே!"

அத்தை என்னை "டி" போட்டது அதுதான் முதல் தடவை. நிறுத்தாமல் தொடர்ந்தார்.

"யாராச்சும் படிப்பப் பத்திக் கேட்டா தட்டப் பாத்துக்கிட்டே சாப்புடுவான். எதுக்குன்னு எனக்கு வெளங்கவே இல்ல. ராத்திரி சொல்லிட்டு நிமிந்து ஒக்காந்து சாப்புட்டான். சரி விடு. ஆனா ஒன் வாயி இருக்கே, அதுக்குத் தனியா ஒரு பட்டம் குடுக்கணும்."

பிறகு நானே புதுக்கோட்டையில் அச்சகத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று சி.பி.டி.யை முன்னால் நகர்த்தியிருந்தார். பட்டம் முதலில், சான்றிதழ் பின்னால் என்றேன்.

"எது முன்னாடி வந்தா என்னக்கா?"

"பட்டம் சாகுற வரைக்கும் கூட வரும்ப்பா. சான்றிதழ நான் புதுப்பிச்சாத்தான் என்னோடது. அதான் பின்னாடி."

என் சான்றிதழின் காலம் கல்யாணத்துக்கு முன்பே முடிவதாக இருந்தது. கல்யாண நாளன்று செல்லாத எழுத்தைப் போட்டுக்கொள்ள எனக்கு மனசில்லை. திருச்சிக்குப் போய் முதலுதவிப் பயிற்சியை மறுபடி முடித்து, ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கு அமுக்கு என்று அமுக்கி, புதுப்பித்த சான்றிதழ் மெயிலில் வந்த பிறகுதான் அச்சடிக்கச் சொன்னேன். சத்துணவு பற்றி ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து வாங்கிய பளபளப்பான காகிதமும் என்னிடம் இருந்தது. சித்தி மகள் அதையும் போடச் சொன்னாள். உட்கார்ந்ததற்கெல்லாம் எழுத்துப் போட முடியாது என்றேன்.

பத்திரிகை வந்தது. அவருக்கு பி.இ. எனக்கு பி.காம்., சி.பி.டி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், சான்று பெற்ற உடற்பயிற்சியாளர். யாருக்கும் புரியவில்லை என்றாரே அத்தை, அதற்காக நான் சேர்த்தது.

கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் நிற்கும்போது, அந்தக் கூரியர் சந்தேகக்காரர் பத்திரிகையோடு வந்தார். "பொண்ணு டாக்டரா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"டாக்டரும் இல்ல, பிசியோவும் இல்ல. ஒடம்புக்குப் பயிற்சி குடுக்குறவ. பரீட்சை எழுதி வாங்குனது. ஒங்க டிரைவிங் லைசென்ஸ் மாதிரி அப்பப்பப் புதுப்பிக்கணும். நீங்க புதுப்பிச்சீங்களா?"

அவர் பாயசத்தைத் தேடிப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பேப்பரை முடித்துவிட்டார். இன்னொன்று நிற்கிறது. புது வீட்டு வாசலில் பெயர்ப்பலகை மாட்டியபோது, "எம்.பி.ஏ.வுக்கு எடம் விட்டு எழுதச் சொல்லவா?" என்று கேட்டேன். "விடு. பாஸ் பண்ணா வேற பலகை மாட்டிக்குவோம்" என்றார். பலகையை நேராகப் பிடிக்கத் தெரியாமல் கோணலாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கும் ஒரு சத்தம் போட்டேன். சிரித்துக்கொண்டே நேராக்கினார்.