காவலாளி பார்த்த ஓவியங்கள்

நகைக்கடைக் காவலாளிக்கு வாழ்க்கைப்பட்டவள் ஊர் சுற்ற ஆசைப்பட்டிருக்கவே கூடாது. உறவினர் கல்யாணத்தில்கூடப் பரிசு மேஜையை விட்டு நகராத மனுஷன் அவர். மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாளே என்று, வெளியூரில் அவ்வளவு பெரிய ஓவியக்கூடத்துக்கு அழைத்து வந்தால், ஒரு படத்தையாவது ஏறிட்டுப் பார்த்தாரா? ஒவ்வோர் அறையிலும் நேராக மூலைக்குப் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் கைகளையே நோட்டம் விட்டபடி நின்றார்.

"படத்தைப் பாருங்களேன்!"

"நீ பாத்துட்டு வா. அந்தப் பை வச்சிருக்கற ஆளு முழியே சரியில்ல."

அந்தப் பைக்காரரே வந்து, "சார், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று இவரைக் கேட்டார். நுழைந்ததுமே எல்லா வழிகளையும் பார்த்து வைத்திருந்தவர் சட்டென்று கை காட்டினார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மதியத்துக்குள் அந்த அறையின் நிஜக் காவலாளி சிநேகிதமாகி, "அண்ணே, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன், கொஞ்சம் பாத்துக்கங்க" என்று கிளம்பியே போய்விட்டார். அதற்குமேல் இவரை அசைக்க முடியுமா? சாயங்காலம்வரை அவள் தனியாகவே சுற்றி, கால் கடுத்துத் திரும்பினாள்.

வாசலுக்கு வந்ததும் மகள் போனில் கூப்பிட்டாள். "படமெல்லாம் எப்படிப்பா இருந்துச்சு?"

அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"வச்சது வச்சபடி பத்திரமா இருக்கும்மா. ஒரு பயலையும் கை வைக்க விடலையே நான்!"