வெர்னா நிறுத்திய பைல்

வெர்னா கிட்ரியை நாங்கள் எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். மரியாதைக்கு இல்லை, வயிற்றெரிச்சலில். பாலத்தைத் தாங்கும் கான்கிரீட் தூணை, எங்கள் பேச்சில் பைலை, ராட்சதச் சுத்தியலால் சேற்றுக்குள் அடித்து இறக்கும்போது, அதன் தலைக்குச் சற்றுக் கீழே இரண்டு கருவிகளைத் திருகி மாட்டிவிட்டு, ஒயரை இழுத்துக்கொண்டு போய்த் தன் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பாள். ஒவ்வொரு அடியின் அதிர்வும் பைலின் நுனிவரை ஓடித் திரும்பும். பாதியிலேயே திரும்பினால் உள்ளே விரிசல். உடனே கையைத் தூக்குவாள், வேலை நின்றுவிடும். திட்டு வாங்குவது நாங்கள்.

எங்கள் ஃபோர்மேன் அல்சீட் அவளுடைய சொந்த அண்ணன். அண்ணன் அடிக்கிற பைலைத் தங்கை சோதிக்கலாமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். இந்த லூசியானாச் சதுப்பில் யாருக்கு யார் உறவில்லை? இருவருக்கும் ஒரே வீடு, ஒரே வண்டி. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு பைல் உடைந்திருந்தது. இன்னொன்று உடைந்தால் வேலை போய்விடும் என்று ஆபீஸில் அல்சீடிடம் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்குப் பேய்மழை. சுத்தியல் நேரடியாக மோதாமலிருக்க, பைலின் தலையில் ப்ளைவுட் அடுக்கு வைப்போம். பைலுக்குப் பைல் அது புதிதாக வேண்டும். சாலையெல்லாம் தண்ணீர், லாரி வரவில்லை. முந்தின பைலில் அடிபட்டுக் கருகி, கல்லாய் இறுகிப்போன அடுக்கையே அல்சீட் மறுபடி வைக்கச் சொன்னான்.

"இது தாங்குமாண்ணே?" என்றேன்.

"உன் மாமியார் மனசைவிட மெத்துன்னுதான் இருக்கு. வைடா!"

பாதி இறங்கியதும் வெர்னா கையைத் தூக்கினாள். சுத்தியல் நின்றது. அல்சீட் வண்டியிடம் ஓடினான், பின்னாலேயே நானும்.

"நடுவுல உடைஞ்சிருக்குண்ணா."

"தலையைப் பாரு, ஒரு கீறல்கூட இல்ல!"

"தலையில இல்ல. சேத்துக்குள்ள."

"சேத்துக்குள்ள எவன் வந்து பாக்கப் போறான்? கண்டுக்காம விடும்மா. என் பொழப்பு போயிரும்."

அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது.

"முடியாதுண்ணா," என்றாள். அழுதுகொண்டேதான் ஆபீஸுக்குப் போன் போட்டாள். பாவி, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டால் குடியா முழுகிவிடும் என்று அவள் காதுபடவே திட்டினேன்.

மதியத்துக்குள் அல்சீடை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குப் போக வேறு வண்டி ஏது? அவள் வேலை முடியும்வரை காத்திருக்க, தங்கையின் பிக்கப்பிலேயே, அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். மழை விட்டு லாரியும் வந்து சேர்ந்தது. புது ப்ளைவுட் வைத்து, புது ஃபோர்மேன் அடுத்த பைலை அடிக்க ஆரம்பித்தான். ஒயர் சேற்றில் விழாமல் பிடித்தபடி நான் பிக்கப்பின் ஜன்னலோரம் நின்றேன். ஒவ்வொரு அடிக்கும் அல்சீடின் தோள் துடித்தது.

கடைசி அடியும் விழுந்து ஓய்ந்தது.

"முழுசா இருக்கா?" என்று கேட்டான்.

"முழுசா இருக்குண்ணா."

"நல்லது," என்றவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். வெர்னா அவன் முதுகைத் தொடப் போனாள். அதற்குள் புது ஃபோர்மேன் ஹாரன் அடித்தான். அடுத்த பைலுக்குக் கருவிகளை மாட்ட அவள் இறங்கிப் போனாள்.